நாலரை மணி வரி

முதலில் நிமிஷம். பிறகுதான் மணி.
அப்புறம் தேதி, மாதம், கிழமை.
சின்னதை முன்னால் நிறுத்துகிற வரிசை
இந்தத் தோட்டத்தில் வேறெங்கும் இல்லை.

முப்பது, பதினாறு, நட்சத்திரம், நட்சத்திரம், ஒன்று முதல் ஆறு.
நட்சத்திரம் என்றால் எதுவானாலும் சரி.
எந்தத் தேதியானாலும், எந்த மாதமானாலும்
திங்கள் தொட்டு சனி வரை, நாலரைக்கு.
நான்தான் எழுதினேன்.
லிந்துலைப் பனி ஆபீஸ் ஜன்னல்வழி வந்து
கீபோர்டில் உட்கார்ந்திருந்தது அன்றைக்கு.

வேலை சுலபம்.
தராசு அனுப்பிய நிறுவைகளைக் கூட்டு.
சாக்குக்கும் தண்ணிக்கும் கழி.
பதினெட்டு கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர் போடு.
துரைக்கு ஒரு தாள், கொழும்புக்கு ஒரு தாள்.
பிறகு தூங்கப் போ.

அது தூங்குவதில்லை என்று பிந்தித்தான் தெரிந்தது.
நிமிஷத்துக்கொரு தரம் கண் திறந்து
தனக்கு ஏதும் உண்டா என்று பட்டியலைப் பார்த்து
இல்லையென்றால் மூடிக்கொள்ளும்.
ஸ்டோர் வாட்ச்சர் அந்தோனிமுத்து
வாட்டுமாடியைச் சுற்றுவது மணிக்கொரு தரம்;
அதற்கே அவருக்கு முழங்கால் வீங்கிவிடும்.

முதல் வாரம் தாளே வரவில்லை.
நான் பக்கத்தில் இருந்து ஓட்டினால் ஓடியது.
நான் காம்பராவுக்குப் போனபின்
வழி தெரியாமல் நின்றது.
கோப்பு எங்கே, கட்டளை எங்கே என்று
நாள் தவறாமல் கடிதம் போட்டிருக்கிறது
யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குள்.
ஆறு நாள், ஆறு கடிதம்.
வேரிலிருந்து முழுப் பாதையும் எழுதிக் கொடுத்தேன்,
பிள்ளையை முதல்நாள் தலவாக்கலை பஸ்ஸில்
தனியே ஏற்றிவிடுகிறவள் மாதிரி.
அதன்பிறகு அது ஒருநாளும் பிந்தியதில்லை.

பிந்தியது லொறி.

ஜூன் மழை. வியாழக்கிழமை.
ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறும் பாதை சரிந்து
லொறி பாலத்தடியில் நின்றுவிட்டது. தராசும் அதில்தான்.
நாலு மணிக் கொழுந்து கூடையிலேயே கிடந்து நனைய
நிறுத்தபோது ஐந்து பத்து.

நாலரைக்கே என் வரி எழுந்திருந்தது.
இருந்ததைக் கூட்டியது.
பதினொன்று, பன்னிரண்டேகால், ஒன்பதரை.
இருபத்திமூன்று பெண்கள், இருபத்திமூன்று அரைப்பேர்.
பிழை ஏதுமில்லை என்று கீழே ஒரு குறிப்பும் எழுதிவிட்டு
கண்ணை மூடிக்கொண்டது.
நான் எழுதியதும் வரி. அது பிடித்ததும் வரி.

மறுநாள் பெரட்டில் ஜெயராணி கேட்டாள்:
"நாலரைக்கு நாங்க மழையில நின்னோம்,
ஒங்க கம்ப்யூட்டர் எங்க நின்னுச்சு?"
பெரிய கிளாக்கர் விஜேகோன் கையை விரித்தார்:
"மெஷின் போட்டது. நாம என்ன செய்ய?"

மெஷின் போட்டது.
ஒன்பதரை என்பது என் அண்ணி புஷ்பகாந்தி.
முந்தின ராத்திரி எனக்குச் சோறு போடுகையில்
கால் விரலிடுக்கில் அட்டை கடித்த இடத்தைக் காட்டினாள்.
கிலோவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை;
அவளுக்கு அப்போது தெரியாது.
எனக்குத் தெரியும்.

நேரத்தை ஆறுக்குத் தள்ளலாம், ஏழுக்குத் தள்ளலாம்.
மழை ஏழரைக்கு வரும்.
மணியைப் பார்க்காதே, லொறியைப் பார் என்று
எழுதிவைக்க அதற்கு ஐந்து இடத்தில் ஓரிடமும் இல்லை.
அதை உள்ளே, ஸ்கிரிப்டில் எழுத வேண்டும்.
எழுத இரண்டு நாளாவது பிடிக்கும்.
வியாழனின் கணக்கைத் திருத்த துரையின் பாஸ்வேர்ட் வேண்டும்.
துரை நுவரெலியாவில்.

அதுவரை
வரியின் தலையில் ஒரு குறி வைத்தேன்.
குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு,
சாத்திய படலை மாதிரி.
உள்ளே எழுத்து அப்படியே இருக்கும். வெளியே வராது.

வெள்ளி, நாலரை.
அது கண் திறந்திருக்கும், பட்டியலைப் பார்த்திருக்கும்,
படலையைக் கண்டு திரும்பியிருக்கும்.
நான் பென்சிலும் நனைந்த கொப்பியுமாக
நிறுவைக் கொட்டகையில் நின்றேன்.
கொழும்பிலிருந்து போன்.
இன்றைய தாள் எங்கே என்றார்கள்.

லொறி இன்னும் வரவில்லை என்றேன்.